சிறையில் பூத்தையல் போட்ட ராணி

தன்னைச் சிறை வைத்தவளுக்கே பட்டுப் பாவாடை தைத்து அனுப்பினாள் ஒரு ராணி. பாவாடை போய்ச் சேர்ந்தது. விடுதலை மட்டும் வரவில்லை. ஏறக்குறைய 13 ஆண்டுகள் கழித்து, அந்தப் பாவாடையை வாங்கிக்கொண்டவளின் கையெழுத்தினாலேயே அவள் தலை போயிற்று.

அவள்தான் ஸ்காட்லாந்து ராணி மேரி. கொலை, கலகம், மூன்று கல்யாணம், சிரச்சேதம் என்று அவள் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நாடகம் போட்டார்கள்; சினிமாவும் எடுத்தார்கள். அவள் கையை விட்டு நீங்காத ஊசியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நாம் அதைப் பார்ப்போம்.

ஆறு நாள் குழந்தைக்கு முடி

மேரி பிறந்தது 1542 டிசம்பர் 8-ந் தேதி. ஆறாம் நாள் அவள் தகப்பன், மன்னன் ஐந்தாம் ஜேம்ஸ், இறந்து போனான். தொட்டில் குழந்தை ராணி ஆகிவிட்டது!

ஐந்து வயதில் அவளைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சு இளவரசன் பிரான்சிஸுக்கு அவளை மணம் முடிப்பதாக ஏற்பாடு. அந்த அரண்மனையில்தான் அவள் வளர்ந்தாள். பாஷைகள் கற்றாள், பாட்டும் நடனமும் கற்றாள். கூடவே ஊசி வேலையும் கற்றாள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஏழை வீட்டுப் பெண் கிழிசலைத் தைக்க ஊசி பிடித்தாள். ராஜகுமாரி பூ வேலை செய்ய ஊசி பிடித்தாள். ஊசி பிடிக்கத் தெரியாத பெண் என்று சொல்லிக்கொள்வது இருவருக்குமே அவமானம். மாமியாராக வரப்போகிற ராணி காதரீனும் ஊசி வேலையில் பெயர் பெற்றவள்.

1558-ல் கல்யாணம் நடந்தது. அடுத்த ஆண்டு பிரான்சிஸ் அரசன் ஆனான். 1560 டிசம்பரில் இறந்தும் போனான். மேரிக்கு அப்போது வயது 18 கூட நிறையவில்லை. விதவையாக 1561 ஆகஸ்டில் சொந்த நாட்டுக்குத் திரும்பினாள்.

மந்திரிகள் நடுவே ஊசி

ஸ்காட்லாந்தில் அவள் மந்திரி சபை கூடும்போது, பிரபுக்கள் காரசாரமாக விவாதம் செய்வார்கள். ராணியோ பெரும்பாலும் ஏதாவது தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். இதை இங்கிலாந்தின் தூதர் பார்த்துவிட்டுத் தம் ஊருக்கு எழுதியிருக்கிறார். கவனம் இல்லாமல் தைத்தாளா, முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கத் தைத்தாளா? குனிந்த தலை ஒரு நல்ல திரை என்பது தையல் தெரிந்த பெண்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு வந்த ஆறு ஆண்டுகளை இங்கே விரிக்க வேண்டாம். டார்ன்லி என்ற பிரபுவை மணந்தாள். ஜேம்ஸ் என்ற மகன் பிறந்தான். 1567 பிப்ரவரியில் டார்ன்லி கொலை செய்யப்பட்டான். கொலைப் பழி யார் மேல் விழுந்ததோ, அந்த பாத்வெல் பிரபுவையே மூன்று மாதத்தில் மேரி மணந்தாள். நாடு கொதித்து எழுந்தது. அவளைப் பிடித்து, ஏரி நடுவே தீவில் இருந்த லாக்லெவன் கோட்டையில் அடைத்தார்கள். மிரட்டி முடி துறக்க வைத்தார்கள். 13 மாதக் குழந்தை ஜேம்ஸுக்கு முடி சூட்டினார்கள்.

அந்த ஏரிச் சிறையில் அவள் என்ன கேட்டாள் தெரியுமா? பட்டு நூல் கேட்டாள். துணியில் சித்திரம் வரைந்து கொடுக்க ஓர் ஆள் கேட்டாள்.

1568 மே மாதம் அங்கிருந்து தப்பினாள். படை திரட்டிச் சண்டை போட்டுத் தோற்றாள். எல்லை தாண்டி இங்கிலாந்துக்கு ஓடினாள். அங்கே ஆண்டவள் எலிசபெத். மேரி அவளுக்குத் தூரத்து உறவு அல்ல, சொந்த அத்தையின் பேத்தி. இரத்த பாசத்தில் உதவி செய்வாள் என்று நம்பினாள். அதே இரத்தம்தான் ஆபத்தாகவும் முடிந்தது. எலிசபெத்துக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. அவளுக்குப் பிறகு சிங்காசனத்துக்கு உரிமை பேசக்கூடியவள் மேரி. கத்தோலிக்கர்களில் பலர், இப்போதே அவள்தான் உண்மையான ராணி என்றார்கள். அப்படிப்பட்டவளை வெளியே விடுவார்களா? வந்த விருந்தாளி கைதியானாள். அந்தக் காவல் 18 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அத்தனை ஆண்டுகளில் இரண்டு ராணிகளும் ஒரு முறைகூட நேரில் சந்திக்கவில்லை.

காவல்காரன் மனைவி

1569 தொடக்கத்தில் மேரியை ஷ்ரூஸ்பரி பிரபுவின் காவலில் வைத்தார்கள். முதலில் டட்பரி கோட்டை. ஈரம் பொதிந்த சுவர், குளிர் காற்று. மேரியின் உடம்பில் வாதநோய் குடிபுகுந்தது.

பிரபுவின் மனைவி பெஸ் என்ற சீமாட்டி. மேரியை விட வயதில் மூத்தவள். சாமானியக் குடும்பத்தில் பிறந்து, நான்கு கல்யாணம் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு படி ஏறியவள். சாமர்த்தியசாலி, ஊசி வேலையிலும் தேர்ந்தவள். தினமும் மேரி பெஸ்ஸின் அறைக்கு வருவாள். அவளுடைய பால்யத் தோழி மேரி சீட்டனும், லிவிங்ஸ்டன் சீமாட்டியும் கூட இருப்பார்கள். நான்கு பேரும் உட்கார்ந்து தைத்துக்கொண்டு, அடுத்து என்ன சித்திரம் போடலாம் என்று யோசிப்பார்கள். இதைப் பிரபுவே லண்டனுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார்.

அதே ஆண்டு நிக்கலஸ் ஒயிட் என்ற அதிகாரி அவளைப் பார்க்க வந்தார். மழையும் குளிருமாக இருக்கிறதே, பொழுது எப்படிப் போகிறது என்று விசாரித்தார். நாள் முழுதும் தைக்கிறேன், நிறங்கள் மாறி மாறி வருவதால் சலிப்புத் தட்டவில்லை, விலா வலி எடுத்தால்தான் ஊசியை வைக்கிறேன் என்ற பொருளில் மேரி பதில் சொன்னாள். சித்திரம் தீட்டுவது, செதுக்குவது, ஊசி வேலை இந்த மூன்றில் எது உயர்ந்தது என்றும் பேச்சு வந்தது. மேரி சித்திரத்துக்குத்தான் முதல் இடம் கொடுத்தாள். ஆனால் அவள் விரல்கள் விடாமல் பிடித்தது ஊசியை.

பெருக்கல் குறியில் ஒரு வித்தை

அவர்கள் போட்டது பெரும்பாலும் கிராஸ் தையல். அதாவது குறுக்குத் தையல். உங்கள் வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்தில் கட்டம் கட்டமான துணியில் முதலில் கற்பதும் இதுதான்.

ஒரு சிறு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இடது மூலையில் ஊசியை ஏற்றி, மேலே வலது மூலையில் இறக்க வேண்டும். ஒரு சாய்வுக் கோடு விழும். பிறகு கீழே வலது மூலையில் ஏற்றி, மேலே இடது மூலையில் இறக்கினால் பெருக்கல் குறி. முடிந்தது! சாய்வுக் கோடு ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் அதற்கு வேறு பெயர். அதற்கு நூல் குறைவாகச் செலவாகும். நுணுக்கமான இடத்துக்கு ஏற்றது. மேரி அதையும் போட்டாள்.

இவ்வளவு எளிதா என்று கேட்காதீர்கள். எல்லாக் கட்டத்திலும் மேலே கிடக்கும் நூல் ஒரே பக்கம் சாய வேண்டும். பத்தாயிரம் குறியில் பத்து மாறிப் போனாலும், பட்டின் மினுமினுப்பு அந்த இடத்தில் உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். நூலை இழுத்தால் துணி சுருங்கும். தளர விட்டால் நூல் தொங்கும். கணக்கு தவறினால் மயிலின் கழுத்து கோணிக்கொள்ளும். கண்ணும் விரலும் மட்டும் போதாது, எண்ணும் பழக்கமும் வேண்டும். கவலையில் இருக்கிறவளுக்கு எண்ணிக்கொண்டே இருப்பது எவ்வளவு ஆறுதல்!

வேலை நடந்த முறையும் கவனிக்க வேண்டியது. மேரியிடம் சம்பளத்துக்குப் பூத்தையல்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் புத்தகத்துப் படத்தைப் பார்த்து லினன் துணியில் கோடு வரைந்து கொடுப்பார்கள். பெண்கள் பட்டு நூலால் நிரப்புவார்கள். ஒரே பெரிய திரையாகத் தைக்கவில்லை. எட்டு மூலைத் துண்டு, சிலுவை வடிவத் துண்டு என்று சிறிது சிறிதாகத் தைத்தார்கள். எல்லாம் சேர்ந்த பிறகு, கத்தரித்துப் பச்சை வெல்வெட்டில் பதித்தார்கள். கோட்டை விட்டுக் கோட்டை மாற்றப்படும் கைதிக்கு இதை விடத் தோதான முறை ஏது? துண்டையும் நூலையும் பெட்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடலாம். ஒருத்தி மீன் தைக்கும்போது இன்னொருத்தி பறவை தைக்கலாம்.

துணி பேசியது

படங்களுக்குக் கான்ராட் கெஸ்னர் என்ற சுவிஸ் அறிஞரின் மிருகப் படப் புத்தகம் உதவியது. பெரிய அலகுள்ள அமெரிக்கப் பறவைகூட அவர்கள் துணியில் வந்து உட்கார்ந்தது.

மேரியின் கடிதங்களைக் காவலர்கள் பிரித்துப் படித்தார்கள். துணியைப் பிரித்துப் படிக்க முடியுமா? டால்பின் மீன் ஒன்று தைத்தாள். பிரெஞ்சு மொழியில் டால்பினுக்கும் பட்டத்து இளவரசனுக்கும் ஒரே சொல். இறந்து போன முதல் கணவனின் நினைவு! நெருப்பில் எரிந்து மீண்டும் எழும் பீனிக்ஸ் பறவை தைத்தாள். அது அவள் தாயாரின் சின்னம். சூரியனைப் பார்த்துத் திரும்பும் பூவும் தைத்தாள்.

ஒரு பூனையும் தைத்தாள். கெஸ்னர் புத்தகத்துப் பூனைதான். ஆனால் அதற்குச் செம்பட்டை நிறம் கொடுத்தாள். எதிரே ஒரு சுண்டெலியையும் சேர்த்தாள். எலிசபெத்தின் தலைமுடி செம்பட்டை. பூனை யார், எலி யார் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தப் பேச்சு ஒரு முறை ஆபத்தில் கொண்டு விட்டது. நார்போக் பிரபுவுக்கு மேரியை மணம் முடிக்க இரகசிய ஏற்பாடு நடந்தது. மேரி அவனுக்கு ஒரு தலையணை தைத்து அனுப்பினாள். அதில் ஒரு கை, கத்தியால் திராட்சைக் கொடியைக் கழிக்கிறது. காயம் பட்டால் வீரம் தழைக்கும் என்று பொருள்படும் லத்தீன் வாசகம் வேறு. காய்க்காத கிளையை வெட்டு, காய்க்கும் கிளை செழிக்கட்டும் என்று படித்தவர்கள் படித்தார்கள். காய்க்காத கிளை, பிள்ளையில்லாத எலிசபெத். சதி வெளிப்பட்டது. தலையணைச் சங்கதியும் விசாரணையில் வந்தது. 1572 ஜூன் 2-ந் தேதி நார்போக்கின் தலை உருண்டது.

சிவப்புப் பட்டு

இதற்குப் பிறகும் எலிசபெத்தின் மனத்தை இளக்கலாம் என்று மேரி நம்பினாள். அந்தப் பெட்டைப் பூனையையே மடியில் வைத்துக் கொஞ்சப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

1574-ல் லண்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதருக்குக் கடிதம் எழுதினாள். சிவப்பு சாட்டின் பட்டு வேண்டும். லண்டனில் கிடைப்பதில் உயர்ந்ததாக இருக்க வேண்டும். மெல்லிய வெள்ளிச் சரிகை ஒரு பவுண்டு வேண்டும் என்று கேட்டாள். நிறம் பிசகக் கூடாது என்று ஒரு பட்டுத் துணுக்கையும் உறைக்குள் வைத்து அனுப்பினாள். ரவிக்கைத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு நூல் கடைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். கடைக்குப் போக முடியாத கைதிக்கு அந்தத் துணுக்குத்தான் கண்.

சிவப்புப் பட்டில் வெள்ளிச் சரிகைப் பூ வேலை செய்து, பாவாடையை முடித்து, தூதர் மூலம் எலிசபெத்திடம் சேர்த்தாள். எலிசபெத் மெச்சினாள் என்று தூதர் எழுதினார். மெச்சியதோடு சரி. காவல் தளரவில்லை.

ஆண்டுகள் ஓடின. பெஸ்ஸுக்கும் மேரிக்கும் பகை மூண்டது. தன் கணவனோடு மேரிக்குத் தொடர்பு என்று வதந்தி கிளம்ப பெஸ்ஸும் காரணம் என்று மேரி சீறினாள். ஒரே கூடத்தில் நூல் பங்கிட்டவர்கள் முகம் பாராமல் போனார்கள். 1583-ல் தோழி மேரி சீட்டனும் உடல் நலிந்து பிரான்சில் ஒரு கன்னிமாடத்துக்குப் போய்விட்டாள். பிரபுவும் காவல் பொறுப்பிலிருந்து விலகினார். பிறகு வந்த பாலெட் கண்டிப்புக்காரர்.

மகன் ஜேம்ஸைப் பத்து மாதக் குழந்தையாகப் பார்த்தவள், அப்புறம் பார்க்கவே இல்லை.

1586-ல் எலிசபெத்தைக் கொல்ல ஒரு சதி. அதற்கு மேரி சம்மதித்து எழுதிய இரகசியக் கடிதம் ஒற்றர் கையில் சிக்கியது. ஆகஸ்டில் சார்ட்லி மாளிகையில் அவள் பெட்டிகளைக் குடைந்தார்கள். சாமான்களுக்கு ஜாபிதா எழுதினார்கள். அதில் தைத்து முடிந்தும் கத்தரிக்காமல் கிடந்த பூக்களும், பறவைகளும், மீன்களும் இருந்தன. எந்தத் திரைக்கு என்று வைத்திருந்தாளோ!

1587 பிப்ரவரி 8-ந் தேதி, பாதரிங்கே கோட்டை மண்டபத்தில் மேரி வெட்டு மேடை ஏறினாள். வயது 44. தோழி ஜேன் கென்னடி, தங்கச் சரிகைப் பூ வேலை செய்த வெள்ளைத் துணியால் அவள் கண்ணைக் கட்டினாள். கோடாரி ஒரே வீச்சில் முடிக்கவில்லை. அவள் உடுத்தியிருந்த ஆடைகளை ஜனங்கள் புனிதப் பொருளாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று எரித்துவிட்டார்கள்.

1603-ல் எலிசபெத் பிள்ளையில்லாமல் இறந்தாள். இங்கிலாந்துச் சிங்காசனம் மேரியின் மகன் ஜேம்ஸுக்கே போயிற்று. அவன் 1612-ல் தாயின் உடலை லண்டனுக்குக் கொண்டு வந்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தான். எலிசபெத்தின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

ஆடைகள் எரிந்தாலும் தையல் துண்டுகள் தப்பின. பச்சை வெல்வெட் திரைகள் கை மாறிக் கை மாறி, நார்போக் பகுதியில் உள்ள ஆக்ஸ்பரோ மாளிகைக்கு வந்து சேர்ந்தன. அவை 1955-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் உடைமையாயின. பெரும்பாலானவை ஆக்ஸ்பரோவிலேயே பார்வைக்கு இருக்கின்றன. சிலவற்றில் மேரியின் பெயர்ச் சின்னம், சிலவற்றில் பெஸ்ஸின் பெயரெழுத்து. செம்பட்டைப் பூனை மட்டும் தனியே பிரிந்து ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டது. எடின்பரோ நகரில், மேரி ராணியாக வாழ்ந்த ஹோலிரூட் அரண்மனையில் அதையும், அதன் எதிரே உள்ள சுண்டெலியையும் பார்க்கலாம்.