ஔவை சண்முகம்: திரைக்கும் மேடைக்கும் இடையே ஒரு வாழ்வு

போடிமெட்டிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் இறங்கும் சாலை முந்தலைக் கடந்து போடிநாயக்கனூரைச் சேர்கிறது. ஏலக்காய் மணக்கும் இம்மலையடிவாரத்தில் கோயில் திருவிழா என்றால் வள்ளி திருமணம் நாடகத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஆர்மோனியக்காரர் சுதி கூட்ட, பபூன் வந்து சிரிக்க வைக்க, ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாட்டிலேயே வழக்காடி முடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். மதுரை வட்டாரமெங்கும் விடிய விடிய நடக்கும் இந்நாடகங்களுக்கு மூல ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய மாணவர்களுள் ஒருவர், நாடகம் உச்சியில் இருந்த காலத்தில் மேடையேறி, அது சரிந்த காலத்திலும் மேடையை விட்டிறங்க மறுத்தவர். அவரே ஔவை தி. க. சண்முகம்.

சண்முகம் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடங்களில் பெயர் பெற்ற நடிகர். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியபோது, சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய சகோதரர் மூவரும் அதில் சேர்ந்தனர். அப்போது சண்முகத்துக்கு வயது ஆறு. தம்பி பகவதி பின்னாளில் உடன் சேர்ந்தார்.

பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த அக்குழுக்களின் வாழ்க்கை எளிதானதன்று. வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் துறந்த சிறுவர்கள் பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்து, அடியும் உதையும் தாங்கி, ஊர் ஊராகச் சென்று இரவெல்லாம் கண்விழித்தனர். அந்தக் கடுமையான சூழலிலும் சண்முகத்துக்குக் கிடைத்த பெரும்பேறு ஆசிரியரின் அன்பு. சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. பின்னர் சுவாமிகள் வாதநோயால் பேச்சிழந்தார். 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். ஓர் இரவில் ஒரு நாடகத்தைப் பொழிந்த நா, இறுதி நாள்களில் ஒரு சொல்லும் உரைக்க இயலாமல் அடங்கியதை அருகிருந்து கண்டவர் பத்து வயதுச் சண்முகம். ஆசிரியரின் பெயரை அழியாமல் காப்பதைத் தம் வாழ்நாள் கடனாக அவர் பின்னர் ஏற்றதற்கு வேர் இங்கே இருக்கிறது.

1925இல் சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்னும் சொந்தக் குழுவைத் தொடங்கினர். பின்னாளில் திரையில் புகழ்பெற்ற என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம் ஆகியோர் இக்குழுவில் பயின்றவர்களே. புராணக் கதைகளோடு நின்றுவிடாமல் சமூக நாடகங்களையும் இக்குழு மேடையேற்றியது. வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரன், தேசபக்தி என்ற பெயரில் இவர்களால் நடிக்கப்பட்டது. பாரதியின் பாடல்கள் மேடையில் ஒலித்தன. நாடகக் கொட்டகை விடுதலைப் போரின் பாசறையாகவும் விளங்கிய காலம் அது.

அந்தக் காலத்திலேயே நாடகத்துக்குப் போட்டியும் பிறந்துவிட்டது. 1931 அக்டோபரில் காளிதாஸ் படம் வெளிவந்து, தமிழில் பேசும் படம் தொடங்கிற்று. அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமியே மேடையிலிருந்து சென்றவர். தொடக்க காலத் தமிழ்ப் படங்கள் கதை, பாட்டு, நடிகர் அனைத்தையும் நாடகத்திடமிருந்தே பெற்றன. டி. கே. எஸ். சகோதரர்களும் விலகி நிற்கவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா இவர்களுடைய புகழ்பெற்ற நாடகம். 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் அது படமாயிற்று, சகோதரர்களும் என். எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தனர். பாரதி பாடல் இடம்பெற்ற முதல் தமிழ்ப் படம் இதுவே என்பர்.

சினிமா வென்றதற்குக் காரணம் கலையின் உயர்வு தாழ்வு மட்டுமன்று. ஒரு நாடகக் கம்பெனி இடம்பெயர வேண்டுமானால் படுதாக்கள், சீன் ஜோடனைகள், உடைப் பெட்டிகள், சமையல் பாத்திரங்கள் எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றவேண்டும். ஐம்பது அறுபது பேருக்குச் சோறு போடவேண்டும். புது ஊரில் கொட்டகை கிடைக்கவேண்டும். மழை வந்தால் வசூல் போகும். மதுரையிலிருந்து போடிவரை 1928இல் ரயில் வந்தபின்னும், இவ்வளவு சுமையோடு மலையடிவாரத்துக்கு வருவது ஒரு கம்பெனிக்குப் பெரும் துணிச்சலே. சினிமாவுக்கோ ஒரு படப்பெட்டி போதும். அது பேருந்தின் கூரையில் ஏறி வந்துவிடும். பட்டணத்தில் பாடிய அதே குரல், அதே முகம், அன்றிரவே டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சில அணாக்களில் கிடைத்துவிடும். நடிகன் ஓரிரவில் ஓரூரில்தான் இருக்கமுடியும்; அவன் நிழல் ஒரே நேரத்தில் நூறு ஊர்களில் இருக்கும். இந்தக் கணக்குக்கு முன்னால் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. நல்ல நடிகர்களைத் திரை ஈர்த்துக்கொண்டது. நாடகக் கொட்டகைகள் பல ஊர்களில் சினிமாக் கொட்டகைகளாயின.

சண்முகம் படத்தில் நடித்தார்; சகோதரர்களோடு படம் எடுத்தார்; ஆயினும் ஒவ்வொரு முறையும் மேடைக்கே திரும்பினார். அவர் திரும்பியதன் பொருளை உணர்த்துவது ஔவையார் நாடகம். அம்மூதாட்டி வேடத்துக்காகத் தம் பற்களையே எடுத்துவிட்டார் என்பது இன்றும் பேசப்படுகிறது. இளமையைக் காட்டியே புகழ் சேர்க்கும் தொழிலில், முப்பது வயதளவில் ஓர் ஆண்மகன் முதுமையையும் பெண்மையையும் ஒருங்கே ஏற்றார். ஊரும் அவருக்கு ஔவை என்பதையே பெயராக்கிற்று. 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ஔவையார் படத்தில் அவ்வேடத்தைக் கே. பி. சுந்தராம்பாள் ஏற்றுப் பெரும்புகழ் பெற்றார். கேமரா முகத்துக்கு அருகில் வந்து நிற்கும் திரையில் ஆண் பெண்ணாவது அரிது. தொலைவும் விளக்கொளியும் பார்ப்பவரின் இசைவும் கூடும் மேடையில்தான் அம்மாற்றம் இயல்பாகிறது. திரை எடுத்துக்கொள்ள முடியாத ஒன்று மேடையிடம் எஞ்சியிருப்பதைச் சண்முகத்தின் ஔவை மெய்ப்பித்தது.

கவிதையை நேசிப்போர் மறக்கக்கூடாத ஒரு நிகழ்ச்சியும் அவர் வாழ்வில் உண்டு. சகோதரர்களின் பில்ஹணன் 1948இல் படமாயிற்று. அதில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது, திரையுரிமை தம்மிடம் இருப்பதாக ஏ. வி. எம். நிறுவனம் தடை எழுப்பியது. பணங்கொடுத்து விலகிக்கொள்வது எளிது. சகோதரர்கள் அவ்வழியை நாடவில்லை. பாரதியின் பாட்டு தனியொருவர் சொத்தாக இருக்கலாமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது, எழுத்தாளர்கள் திரண்டனர். 1949இல் அரசு பாரதியின் படைப்புரிமையை ஏற்றது, ஏ. வி. மெய்யப்பனும் தம் உரிமையைப் பொருள் பெறாமலே விட்டுக்கொடுத்தார். இன்று எந்தச் சிற்றூர்ப் பள்ளியிலும் பாரதியை அச்சமின்றிப் பாட முடிவதில் ஒரு நாடகக்காரரின் பிடிவாதத்துக்கும் பங்குண்டு.

நிலைத்த கம்பெனி வாழ்க்கை முடிந்த பின்னும் டி. கே. எஸ். நாடக சபா தொடர்ந்தது. அரு. ராமநாதன் எழுதிய இராஜராஜ சோழனை 1955இல் மேடையேற்றினர். 1961இல் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் படத்தில் சுப்பிரமணிய சிவாவாகச் சண்முகம் தோன்றினார். தொழுநோயுற்ற அத்தியாகியின் உருவத்தில், மேடை கற்பித்த அடக்கம் திரையிலும் தெரிந்தது. சிறுவன் கமல்ஹாசனும் இவரது சபாவில் பயின்றவரே. 1996இல் வந்த அவ்வை சண்முகி என்னும் படத்தலைப்பு அந்த நன்றியின் அடையாளம்.

1971இல் பத்மஸ்ரீ விருது வந்தது. எனது நாடக வாழ்க்கை என்னும் நூலில், தாம் கண்ட ஆசிரியர்கள், நடிகர்கள், ஊர்கள், வசூல், பட்டினி அனைத்தையும் பதிவு செய்தார். நாடகம் நடந்து முடிந்த கணமே மறைவது. படத்துக்குச் சுருள் உண்டு. நாடகத்துக்கு நினைவே சுருள். அந்த நினைவை எழுத்தாக்கி வைத்தது அவர் நடித்த எந்த வேடத்துக்கும் குறைந்த பணியன்று.

1973 பிப்ரவரி 15ஆம் நாள் சண்முகம் மறைந்தார். ஆறு வாரங்கள் கழித்து, அவருடைய மேடை வளர்த்த இராஜராஜ சோழன் சிவாஜி கணேசன் நடிப்பில் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது. அகன்ற திரையில் விரிந்த அச்சோழனைச் சண்முகம் காணவில்லை.

நாடகம் தோற்றது என்று சொல்வது எளிது. ஆனால் தேனிப் பகுதியிலிருந்து திரைக்குச் சென்று புதுவழி கண்ட பாரதிராஜாவும் இளையராஜா சகோதரர்களும் அதற்கு முன் நாடக மேடையிலும் கால்பதித்தவர்கள்தாம். டூரிங் டாக்கீஸ்கள் மறைந்துவிட்டன. கொட்டகைகள் பல மூடப்பட்டன. படம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. திருவிழாப் பொட்டலிலோ ஆர்மோனியம் இன்னும் சுதி கூட்டுகிறது. வேலனும் வள்ளியும் விடியுமட்டும் வழக்காடுகிறார்கள். அது சுவாமிகளின் பாட்டு. எழுதியவர் பெயர் மறையாதபடி காத்தவர் சண்முகம்.