அடிமையின் ஏட்டில் அல்முல்க்

இரவில் உறங்குமுன் 'தபாரக்' சூரா ஓதும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. அந்த சூராவை ஓர் அடிமை மனப்பாடத்திலிருந்து எழுதிய ஏடு, அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. எழுதியவர்கள் உமர் இப்னு ஸயீத் என்னும் ஆலிம்.

அன்னார் 1770-ஆம் ஆண்டளவில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோ என்னும் நாட்டில் பிறந்தார்கள். தம் சகோதரர் உள்ளிட்ட உஸ்தாதுகளிடம் 25 ஆண்டுகள் ஓதினார்கள். விடியுமுன் பள்ளிவாசலுக்கு நடந்து செல்வார்கள். ஆண்டுதோறும் ஜகாத் கொடுப்பார்கள். 1807-ல் அவர்கள் ஊருக்குள் பெரும் படையொன்று புகுந்து பலரைக் கொன்றது. அன்னாரைப் பிடித்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விற்றது. ஒன்றரை மாதக் கப்பல் பயணத்திற்குப் பின் தென் கரோலினாவின் சார்லஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டு, மறுபடியும் விற்கப்பட்டார்கள்.

இரக்கமற்ற எஜமானன் ஒருவனிடமிருந்து தப்பியோடி, வட கரோலினாவின் ஃபயெட்வில் நகரில் பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். சிறைச் சுவர்களில் கரித்துண்டால் அரபியில் எழுதினார்கள். ஊரார் வியந்தனர். ஜேம்ஸ் ஓவன் என்பவர் அன்னாரை வாங்கித் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். கொடுமை நின்றது, அடிமைத்தளை மட்டும் நீங்கவில்லை.

பின்னர் அன்னாருக்கு ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டது. மதம் மாறிவிட்டார் என்றே அவ்வூரார் பேசினர். 1831-ல் தம் வாழ்க்கையை அரபியில் எழுதுமாறு கேட்கப்பட்டபோது, அன்னார் பிஸ்மியுடன் தொடங்கி, முதலில் எழுதியது சூரத்துல் முல்க். ஆட்சியும் உடைமையும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியவை என்று தொடங்கும் சூரா அது! இன்னொரு மனிதரின் உடைமையாகக் கணக்கிடப்பட்டவர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே ஏட்டில் எஜமானரைப் புகழ்ந்திருக்கிறார்கள். முன்பு ஃபாத்திஹா ஓதியதாகவும், இப்போது கிறிஸ்தவர்களின் பிரார்த்தனையைச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார்கள். அடிமையின் பேனாவுக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்பில் உள்ளதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. அதில் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

அன்னாரின் எழுத்துக்களில் கடைசியாக அறியப்பட்டது 1857-ல் எழுதிய ஓர் அட்டை. அதன் பின்புறத்தில் யாரோ ஆங்கிலத்தில், இது கிறிஸ்தவப் பிரார்த்தனை என்று குறித்து வைத்திருக்கிறார். அரபி தெரிந்தவர்கள் படித்தபோது, அது இதா ஜாஅ சூரா என்று தெரிந்தது! ஓதத் தெரியாதவர் கையில் திருமறையே வேறொன்றாகிவிடுவதை நாம் இங்கே காண்கிறோம்.

1864-ல் அன்னார் அடிமையாகவே மறைந்தார்கள். மறு ஆண்டு, 1865-ல், அந்நாட்டில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. நெடுங்காலம் காணாமற்போயிருந்த அந்த 1831-ஆம் ஆண்டு ஏடு 1990-களில் மீண்டும் வெளிப்பட்டது. 2017-ல் காங்கிரஸ் நூலகம் அதனுடன் சேர்த்து 42 ஆவணங்களை வாங்கியது. ஃபயெட்வில் நகரில் ஒரு பள்ளிவாசல் இன்று அன்னாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஊர், உறவு, கிதாபு யாவும் பறிபோயின. உஸ்தாது முன் உட்கார்ந்து ஓதியதை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை. 50 ஆண்டுகள் கழித்தும் அது விரல் நுனியில் இருந்தது. மக்தபுக்குப் போகும் நம் பிள்ளை எத்தனை சூரா முடித்தான் என்று கேட்கிறோம். அவற்றில் எத்தனை அவன் கல்பில் தங்கியிருக்கின்றன என்பதையும் இன்றிரவே உட்காரவைத்துக் கேட்போமாக.