வார்த்தைகளுக்கு எண் போட்ட டாக்டர்



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எடிசனையும் ஜேம்ஸ் வாட்டையும் எப்படியும் வேறு யாராவது எழுதிவிடுவீர்கள். நான் பீட்டர் மார்க் ரோஜேயை எடுத்துக்கொண்டேன். இவரிடம் நான் வந்து சேர்ந்ததே ஒரு அவமானத்தால்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தாவது வரை நான் தமிழ் மீடியம். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆங்கிலத்துக்குப் பயந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன். ஒரு பெயரடை, அதற்கு எதிரே அதே அர்த்தமுள்ள நாலைந்து பெரிய சொற்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஹார்டு என்றால் டஃப், ஸ்ட்ராங், ரிஜிட்... அப்படியே உருப்போட்டேன். இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வு வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வார்ப்பிரும்பின் குணங்களைக் கேட்டார். ஹார்டு என்றேன். தலையாட்டினார். பெரிய வார்த்தையும் தெரியும் என்று காட்ட ஆசைப்பட்டு டஃப் என்றும் சேர்த்தேன். அவ்வளவுதான்! மேலே கேள்வியே கேட்கவில்லை. அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பழைய இரும்புக் கடையில் சம்மட்டி பிடிப்பவர். கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பழைய மோட்டார் பாடியெல்லாம் காஸ்டிங், ஒரே போடில் சில்லுசில்லாகப் போகும், கம்பிதான் எவ்வளவு அடித்தாலும் வளைந்துகொண்டே இருக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார். மூன்று மதிப்பெண் அங்கே உட்கார்ந்திருந்தது!

அதற்குப் பிறகுதான் நூலகத்தில் ரோஜேயின் தெசாரஸைத் தேடிப் பிடித்தேன். தெசாரஸ் என்றால் கருவூலம்.

ரோஜே 1779 ஜனவரி 18-ல் லண்டனில் பிறந்தார். அப்பா ஜெனிவாவிலிருந்து வந்த பாதிரியார். பையனுக்கு நாலு வயதாகும்போது காசநோயில் இறந்துவிட்டார். படிக்க வைத்ததில் தாய்மாமன் சாமுவேல் ரோமில்லிக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெயர் பெற்ற வழக்கறிஞர். சின்ன வயதிலிருந்தே ரோஜேக்குச் சொற்களைப் பட்டியல் போட்டு எழுதும் பழக்கம். 14 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 19 வயதில், 1798-ல், மருத்துவப் பட்டம் வாங்கினார். நமக்கு இந்த வயதில் டிப்ளமோ!

படித்து முடித்ததும் வேலை அமையவில்லை. மான்செஸ்டர் பஞ்சாலை முதலாளி ஒருவரின் இரண்டு பையன்களை ஐரோப்பா சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். 1803-ல் மறுபடியும் போர் மூண்டது. கண்ணில் பட்ட இங்கிலாந்துக்காரர்களைப் பிடித்து வைக்க நெப்போலியன் உத்தரவு போட்டார். ஜெனிவா அப்போது பிரான்சோடு சேர்ந்திருந்தது. அப்பாவின் ஊரைக் காட்டித் தானும் ஜெனிவாக் குடிமகன்தான் என்று நிரூபித்து, பையன்களோடு தப்பினார் ரோஜே.

1804-ல் மான்செஸ்டர் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அடுத்த வருடம், 26 வயதில், சொற்களைக் கருத்துவாரியாகப் பிரித்து ஒரு பட்டியல் செய்தார். விற்பதற்கில்லை. தான் எழுதும்போதும் பேசும்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ள. அது 47 வருடம் அவரிடமே இருந்தது.

இடையில் அவர் செய்தவற்றில் ஒன்று நம் ஆட்களுக்குப் பிடிக்கும். ஸ்லைடு ரூல் கேள்விப்பட்டிருப்பீர்கள், கால்குலேட்டருக்கு முன்பு பொறியாளர்கள் சட்டைப் பையில் இருந்த கருவி. சாதாரண ஸ்லைடு ரூல் பெருக்கும், வகுக்கும். எந்த அடுக்கையும் மூலத்தையும் அதில் கண்டுபிடிக்க லாக்-லாக் அளவுகோலை அமைத்தவர் ரோஜே. 1815-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1827 முதல் 1848 வரை அதன் செயலாளர். கம்பி வேலிக்குப் பின்னால் ஓடும் சக்கரத்தின் ஆரக்கால்கள் வளைந்து தெரிவது ஏன் என்றும் 1824-ல் ஒரு கட்டுரை படித்தார்.

ஆனால் வீட்டில் துக்கம். 1818-ல் மனைவியை இழந்த மாமா சில நாளிலேயே தற்கொலை செய்துகொண்டார். டாக்டரான மருமகனால் காப்பாற்ற முடியவில்லை. 1833-ல் ரோஜேயின் மனைவியும் புற்றுநோயில் போய்விட்டார். இரண்டு பிள்ளைகள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் பழைய பட்டியலைத் தூசி தட்டினார். 1852-ல் புத்தகம் வந்தபோது அவருக்கு 73 வயது. உலகத்துக் கருத்துக்களையெல்லாம் ஆறு பெரும் பிரிவாக்கி, ஆயிரம் தலைப்புக்கு எண் கொடுத்தார். அகராதியில் சொல்லைத் தேடினால் பொருள் கிடைக்கும். இதில் பொருளைத் தேடினால் சொல் கிடைக்கும். நம் திவாகரமும் பிங்கலமும் இந்த வேலையை ரொம்ப காலத்துக்கு முன்பே செய்தவைதானே! சமஸ்கிருத அமரகோசத்தை ரோஜேயே தன் முன்னுரையில் குறிப்பிட்டிருக்கிறார்.

என் தப்பு எங்கே என்று அதில் பார்த்தேன். பழைய பதிப்பில் கடினம் 323-ம் எண். அதற்கு எதிராக 324, மென்மை. டஃப் என்ற சொல்லின் இடம் 327. அதற்கு எதிராக 328, நொறுங்கும் தன்மை. எதிர்ச்சொற்களை ரோஜே இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பதால்தான் விஷயம் பிடிபட்டது. ஹார்டுக்கு எதிர் சாஃப்ட், டஃபுக்கு எதிர் பிரிட்டில். அப்படியானால் ஒரே பொருள் ஹார்டாகவும் பிரிட்டிலாகவும் இருக்கலாம். வார்ப்பிரும்பு அதுதான்! ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் இதே வித்தியாசத்தை நான் அர்த்தம் புரியாமல் எழுதியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு புத்தகம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. ரோஜேயின் புத்தகத்திலும் அர்த்தம் போட்டிருக்காது. சொல் ஓரளவு தெரிந்தவர்களுக்குத்தான் அவர் எழுதினார். அதனால் பக்கத்தில் அகராதி இல்லாமல் நான் உட்காருவதில்லை.

1869 செப்டம்பர் 12-ல், 90 வயதில் ரோஜே இறந்தார். கடைசி வரை திருத்திக்கொண்டே இருந்தார். பிறகு மகன் ஜான் லூயிஸ் 1879-ல் புதுப்பதிப்பு கொண்டுவந்து, பின்னாலுள்ள அகரவரிசையைப் பெரிதாக்கினார். அடுத்துப் பேரன் சாமுவேல் ரோமில்லி ரோஜே. கொல்லப்பட்ட நம்பிக்கை மாதிரி போன அந்த மாமாவின் பெயர்தான் பேரனுக்கு. அவர் ஒரு பொறியாளர், மின்துறைச் சொற்களுக்குத் தனி அகராதி போட்டவர். இ.இ.இ. நண்பர்கள் கவனிக்கவும்.

நம் நூலகத்தில் அது அகராதி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, அட்டை கிழிந்து போய். வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு நாளைக்கு ஒரு எண் என்று நோட்டில் எழுதி வருகிறேன். இப்போது 412 வரை வந்திருக்கிறது.

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)