நஞ்சு தந்தவரையும் வெறுக்காத அய்யா

அய்யா துணை



1809ஆம் ஆண்டு, தென்திருவிதாங்கூரில் சாஸ்தாங்கோயில்விளை என்னும் ஊரில் பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். தாழ்ந்த சாதிப் பிள்ளைக்கு இந்தப் பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி ஆயிற்று. மனிதர் செய்த முதல் அநீதியை அவர் தொட்டிலிலேயே கண்டார்.

வளர்ந்தபோது கண்டதும் அதுதான். தலைக்கு வரி, கூலியில்லா ஊழியம், ஆண்கள் தலைப்பாகை கட்டத் தடை, பெண்கள் மார்பை மறைக்கத் தடை.

நோயுற்ற அவரைத் தாயார் திருச்செந்தூருக்குக் கொண்டு போனார். கொல்லம் 1008, மாசி 20ஆம் நாள், அதாவது 1833இல், அவர் கடலிலிருந்து வைகுண்டராக வெளிவந்தார். பின் தம் ஊருக்கு வந்து தவம் இருந்தார். எல்லாச் சாதி மக்களும் அங்கே கூடினார்கள். அந்த ஊரே இன்றைய சுவாமிதோப்பு.

மன்னருக்குக் கோபம் வந்தது. குற்றமற்றவரைப் பகைக்க வேண்டாம் என்று ஆயர் குலத்துப் பூவண்டர் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அய்யாவைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். பாலில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள், பசித்த புலியின் முன் நிறுத்தினார்கள் என்று அகிலத்திரட்டு சொல்கிறது. இனி தன் சாதியாரோடு மட்டும் இருப்பதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்கள். அய்யா மறுத்துவிட்டார். கொல்லம் 1014 மாசியில்தான் வெளியே வந்தார்.

இவ்வளவு பட்டவர் மனித குலத்தையே வெறுத்திருக்கலாம். அய்யா வெறுக்கவில்லை. ஏன்? தீமை என்பது கலி. அது மாயையாக மனதில் புகுந்து ஆட்டுவிக்கிறது. கலி பிடித்த மனிதனிடமிருந்து கலியை விலக்கினால் மனிதன் மிஞ்சுவான். அதனால்தான் அய்யா ஆயுதம் எடுக்கவில்லை. எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுக்க முந்திரிக் கிணறு அமைத்தார். தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். 700 குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பித் தூய வாழ்வு பழக்கினார். பள்ளியறையில் கண்ணாடி வைக்கச் செய்தார். அதன்முன் நிற்பவன் முதலில் தன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

1851 வைகாசி 21ஆம் நாள் அய்யா வைகுண்டம் எய்தினார்.

அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலை தேடித் தெற்கிலிருந்து அத்திப்பட்டு வந்த நம்மில் பலருக்கும் அடிபட்ட அனுபவம் உண்டு. கூலியைப் பிடித்தவர் உண்டு. சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டுப் போனவர் உண்டு. இனி எந்த மனிதனையும் நம்பக் கூடாது என்று மனம் கசக்கும். நியாயம் கேட்பதை அய்யா தடுக்கவில்லை. மன்னனிடமே அவர் பணியவில்லை. ஆனால் கசப்பு நம் மனதில் தங்கிவிட்டால், ஏமாற்றியவனிடம் இருந்த கலி நம்மிடமும் குடியேறிவிடும். அன்று மன்னன் இருந்த பக்கத்திலும் ஒரு பூவண்டர் இருந்தார் என்பதை மறவாமல் இருப்போம்.

அய்யா உண்டு.