அலோய்ஸ் ஆல்சைமர்

அலோய்ஸ் ஆல்சைமர் (ஜூன் 14, 1864 – டிசம்பர் 19, 1915) செருமானிய உளநோய் மருத்துவரும் நரம்பு நோயியலாளரும் ஆவார். நினைவாற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் ஆல்சைமர் நோய் இவர் பெயரால் வழங்கப்படுகிறது. அந்நோயாளி ஒருவரின் மூளையில் இவர் கண்ட இருவகைப் படிவுகள், வடிவம் பிறழ்ந்து மடிந்த புரதங்களால் ஆனவை என்பது இவர் இறந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது.

வாழ்க்கை

பவேரியாவிலுள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெர்லின், டூபிங்கன், வூர்ட்சுபர்க் பல்கலைக்கழகங்களில் பயின்று 1887 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்ட ஆய்வேடு மூளையைப் பற்றியதன்று. காதில் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது. 1888 இல் பிராங்க்ஃபுர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். மறு ஆண்டு அங்கு வந்த பிரான்சு நிசில், நரம்பணுக்களுக்கு நிறமூட்டும் முறையொன்றைக் கண்டறிந்தவர். இருவரும் நெருங்கிய நண்பராயினர். நோயாளியிடம் கேட்டறிந்ததை, பின்னர் அவரது மூளைத் திசுவில் காண்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஆல்சைமரின் வழக்கமாயிற்று.

1901 இல் மூன்று குழந்தைகளை விட்டு இவர் மனைவி செசிலி இறந்தார்.

அவுகுஸ்தே டெட்டர்

அதே ஆண்டு நவம்பரில் 51 வயதான அவுகுஸ்தே டெட்டர் என்ற பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கணவர் மீது காரணமற்ற ஐயமும், வளர்ந்துகொண்டே வந்த மறதியும் அவருக்கு இருந்தன. ஆல்சைமர் எழுதுகோல், பணப்பை, சாவி முதலியவற்றைக் காட்டினார். அவற்றின் பெயர்களை அவர் சரியாகவே கூறினார். சற்று நேரத்தில், காட்டப்பட்டவை எவை என்பது அவருக்கு நினைவில் இல்லை. தம் பெயரை எழுதச் சொன்னபோது முதற்சொல்லோடு நின்றுவிட்டார். கேள்விகளையும் விடைகளையும் ஆல்சைமர் ஒன்றுவிடாமல் குறித்துவைத்தார். இம்முதுமறதி ஐம்பது வயதிலேயே வந்தது ஏன் என்பதே அவரை உறுத்திய வினா.

1903 இல் எமில் கிரேப்பெலினுடன் ஐடெல்பெர்க்குக்கும் பின்னர் மியூனிக்குக்கும் சென்றார். 1906 ஏப்ரலில் அப்பெண்மணி இறந்ததும், அவரது மூளையும் மருத்துவக் கோப்பும் மியூனிக்குக்கு வந்தன. பீல்சோவ்ஸ்கி என்பவர் கண்ட வெள்ளி நிறமூட்டல் முறையால் ஆய்ந்தபோது, மூளைப் புறணியின் நரம்பணுக்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தடித்த இழைகள் முறுக்கிக் கிடந்தன. சில இடங்களில் அணு அழிந்து இழைச்சிக்கல் மட்டும் எஞ்சியிருந்தது. அணுக்களுக்கு வெளியே இனந்தெரியாத ஒரு பொருள் புள்ளிப்புள்ளியாகப் படிந்திருந்தது. அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் மாநாட்டில் இதனை எடுத்துரைத்தார். அவையில் எவரும் ஒரு வினாகூட எழுப்பவில்லை.

பெயரும் ஐயமும்

1910 இல் கிரேப்பெலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு ஆல்சைமரின் பெயரைச் சூட்டினார். பெயருக்கு உரியவரோ அவ்வளவு உறுதியாக இல்லை. 1911 இல் அவர் விளக்கிய இன்னொரு நோயாளியின் மூளையில் வெளிப்படிவுகள் இருந்தன, இழைச்சிக்கல்கள் இல்லை. எனவே இது தனி நோயன்று, முதுமைக்கால மறதிநோயின் மாறுபட்ட வடிவமாகலாம் என்று கருதினார். இவ்வகையில் கிரேப்பெலினைவிட அவரே சரியாகக் கணித்தார் எனலாம். இன்று வயது வேறுபாடின்றி இரண்டும் ஒரே நோயாகக் கொள்ளப்படுகின்றன. பிராகா நகரில் இதே படிவுகளை 1907 இல் பல மூளைகளில் விளக்கிய ஓஸ்கர் ஃபிஷர் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தார். அவர் 1942 இல் நாசிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார்.

புரதங்கள்

1984 இல் கிளெனரும் வோங்கும் அமிலாய்டு-பீட்டா என்னும் சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். ஏறத்தாழ 40 அமினோ அமிலங்கள் கொண்ட இது, வடிவம் பிறழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டி வெளிப்படிவாகிறது. அணுக்களுள் காணப்படும் சிக்கல் டௌ புரதத்தால் ஆனது. அணுவின் நுண்குழல்களைத் தாங்கவேண்டிய டௌ, அவற்றை விட்டு நீங்கி இழைகளாக முறுக்கிக்கொள்கிறது. அமிலாய்டை அகற்றும் லெகானெமாப் என்ற மருந்துக்கு 2023 இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்தது. அது நோயின் வேகத்தை ஓரளவே குறைக்கிறது. படிவுகளே நோயின் முதற்காரணமா என்ற விவாதம் முடியவில்லை.

இறுதிக்காலம்

1912 இல் பிரெஸ்லாவில் (இன்று போலந்தின் விரோட்சுவாஃப்) பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அங்குச் செல்லும் வழியிலேயே நோயுற்ற அவர் முழுமையாகத் தேறவில்லை. 51 வயதில் இறந்து, பிராங்க்ஃபுர்ட்டில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். காணாமற்போயிருந்த டெட்டரின் கோப்பு 1995 இல் பிராங்க்ஃபுர்ட்டில் கிடைத்தது. சில ஆண்டுகளில் மூளைச் சீவல்கள் மியூனிக்கில் கண்டெடுக்கப்பட்டு மீண்டும் ஆராயப்பட்டன; அவர் எழுதிய இருவகைப் படிவுகளும் அவற்றில் அவ்வாறே இருந்தன.