சுபாஷ் முகோபாத்யாய்

சுபாஷ் முகோபாத்யாய் (ஜனவரி 16, 1931 - ஜூன் 19, 1981) கொல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவரும் உடலியங்கியல் ஆய்வாளரும் ஆவார். சுபாஷ் முகர்ஜி என்றும் அழைக்கப்படுகிறார். இந்தியாவின் முதலாவதும் உலகின் இரண்டாவதுமான சோதனைக் குழாய்க் குழந்தை இவரது முயற்சியால் பிறந்தது. மாநில அரசும் மருத்துவத் துறையில் செல்வாக்குப் பெற்றிருந்தோரும் இவரது கூற்றைப் பொய் எனத் தள்ளினர். இவர் இறந்து 16 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது உண்மையென ஏற்கப்படலாயிற்று. இதே பெயருடைய வங்கக் கவிஞர் ஒருவரும் உண்டு. அவர் வேறு, இவர் வேறு.

பிறப்பும் கல்வியும்

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள ஹசாரிபாக் நகரில் பிறந்தார். உடலியங்கியலில் இளநிலைப் பட்டம் பெற்றபின், கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் பயின்று 1955 ஆம் ஆண்டில் மருத்துவரானார். 1958 இல் கல்கத்தா பல்கலைக்கழகத்திலும் 1967 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் முனைவர் பட்டங்கள் பெற்றார். இனப்பெருக்க இயக்குநீர்களே இவரது ஆய்வுத்துறை. நாடு திரும்பிய பின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் உடலியங்கியல் கற்பித்தார்.

துர்க்காவின் பிறப்பு

1970களின் பிற்பகுதியில் இவர் பாங்குரா சம்மிலனி மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ஆய்வோ கல்கத்தாவில், பெரும்பாலும் தம் வீட்டிலேயே நடந்தது. பெரிய ஆய்வுக்கூடமோ அரசின் நிதியோ இல்லை. யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் உறைகுளிர் அறிஞர் சுனித் முகர்ஜியும், மகப்பேற்று மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் உடன் உழைத்தனர்.

கருக்குழாய்ப் பாதிப்பால் குழந்தையின்றி இருந்த ஒரு பெண்ணுக்கு இம்மூவரும் சிகிச்சை அளித்தனர். 1978 அக்டோபர் 3 அன்று அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்க்கா பூசைக் காலமாதலால் துர்க்கா என்னும் பெயரால் அக்குழந்தை அறியப்பட்டது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையான லூயிசு பிரவுன் இங்கிலாந்தில் அவ்வாண்டு ஜூலை 25 அன்று பிறந்திருந்தாள். இரண்டுக்கும் இடையே 70 நாட்களே.

இவ்விரு குழந்தைகளும் ஒரே முறையில் உருவானவை அல்ல. இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்சும் பாட்ரிக் ஸ்டெப்டோவும் இயற்கையாக முதிர்ந்த ஒரு கருமுட்டையை வயிற்றில் துளையிட்டு எடுத்து, கருவுறச் செய்து, அதே சுழற்சியில் கருப்பையில் வைத்தனர். முகோபாத்யாய் இயக்குநீர் ஊசியால் சூலகத்தைத் தூண்டிப் பல முட்டைகளை முதிரச் செய்தார். அவற்றை யோனிவழி எடுத்தார். உருவான முளையத்தை டைமெத்தைல் சல்பாக்சைடு சேர்த்து உறையவைத்து, வேறொரு சுழற்சியில் உருகவைத்துக் கருப்பையில் வைத்தார். உறைந்த முளையத்திலிருந்து பிறந்த குழந்தை மேலைநாடுகளில் முதன்முதலாகப் பதிவானது 1984 இல், ஆஸ்திரேலியாவில். தூண்டல், யோனிவழி எடுத்தல், உறையவைத்தல் ஆகிய மூன்றும் இன்று உலகெங்கும் கருத்தரிப்பு மையங்களில் அன்றாட நடைமுறை.

விசாரணைக் குழு

செய்தி நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் வந்தது. அரசு ஊழியர் ஒருவர் சுகாதாரத் துறைக்கு முறையாகத் தெரிவிக்குமுன் ஊடகங்களிடம் பேசியது அதிகாரிகளுக்குச் சினமூட்டியது. 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. குழுவின் தலைவர் வானொலி இயற்பியல் அறிஞர். உறுப்பினர்களில் சோதனைக் குழாய்க் கருத்தரிப்பில் அனுபவம் உடையவர் எவரும் இலர். அக்காலத்தில் அவ்வனுபவம் உடையோர் இந்தியாவில் முகோபாத்யாயின் குழுவினரைத் தவிர வேறு எவரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அத்தகைய நிலையில் வெளிநாட்டு வல்லுநர்களின் கருத்தைக் கேட்டிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், கூற்று நம்பத்தக்கதன்று எனக் குழு முடிவு கட்டியது.

குழுவின் ஐயத்துக்கு இடமே இல்லை எனவும் கூறவியலாது. விரிவான ஆய்வுக் கட்டுரை எதுவும் அப்போது வெளிவந்திருக்கவில்லை. உறைகுளிரியல் இதழொன்றில் வந்த சுருக்கமான கட்டுரையே இருந்தது. பெற்றோரை முன்னிறுத்தினால் வழக்குப் பெருமளவு தீர்ந்திருக்கும். ஆனால் அவர்கள் மரபுவழிக் குடும்பத்தினர். சமூகத்தின் ஏச்சுக்கு அஞ்சித் தங்கள் அடையாளம் வெளிவரக்கூடாது என விரும்பினர். நோயாளியின் இரகசியம் காத்தல் மருத்துவரின் முதற்கடமைகளுள் ஒன்று. தம் பெயர் கெட்ட நிலையிலும் முகோபாத்யாய் அதை மீறவில்லை. அறநெறிப்படி நடந்த மருத்துவரே நெறி தவறியவராகக் காட்டப்பட்டார் என்பது இவ்வரலாற்றின் விந்தை.

இடமாற்றங்களும் மறைவும்

விசாரணையோடு நடவடிக்கைகள் நிற்கவில்லை. 1979 இல் ஜப்பானின் கியோத்தோ நகரில் தம் ஆய்வை விளக்குமாறு வந்த அழைப்பை ஏற்க அரசு இசைவு தரவில்லை. அங்கு சென்றிருந்தால், உள்நாட்டில் கிடைக்காத துறை வல்லுநர்களின் மதிப்பீடு கிடைத்திருக்கும். பின்னர் இவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 1981 ஜூனில் கல்கத்தாவிலுள்ள கண் மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். வாழ்நாள் முழுதும் இனப்பெருக்க இயக்குநீர்களை ஆய்ந்த ஒருவருக்குக் கண் மருத்துவ நிறுவனத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இடமாற்றம் அரசு ஊழியர் வாழ்வில் இயல்பானது. ஆனால் அதையே தண்டனையாக்கும் வழக்கமும் நம் நாட்டு அலுவலகங்களில் புதிதன்று. அம்மாதம் 19 ஆம் நாள் சுபாஷ் முகோபாத்யாய் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50. ஆசிரியராகப் பணியாற்றிய மனைவி நமிதா அவருக்குப் பின் பல்லாண்டுகள் வாழ்ந்தார்.

பிற்கால ஏற்பு

1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே. இ. எம். மருத்துவமனையில் பிறந்த ஹர்ஷா என்னும் பெண் குழந்தை, இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையாக அறிவிக்கப்பட்டது. மருத்துவர் இந்திரா இந்துஜாவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டி. சி. ஆனந்த குமாரும் அதற்குப் பொறுப்பானவர்கள்.

1997 இல் ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தா சென்ற ஆனந்த குமாரிடம் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகள் தரப்பட்டன. அவற்றை ஆராய்ந்தும், துர்க்காவின் பெற்றோரிடம் பேசியும், முதற்சாதனை முகோபாத்யாயினுடையதே என அவர் உறுதி கொண்டார். அதனைக் கரண்ட் சயன்ஸ் ஆய்விதழில் எழுதினார். இதனால் முதலாமவர் என்னும் பெருமையை இழந்தவர்களுள் எழுதிய அவரும் ஒருவர். அறிவியல் உலகில் இத்தகைய செயல் அரிது.

துர்க்கா என அறியப்பட்ட பெண் தம் 25 ஆவது பிறந்தநாளையொட்டி, 2003 இல், தாமே பொதுமேடைக்கு வந்து தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். மருத்துவர் காத்த இரகசியம் அவ்வாறு உரியவராலேயே திறக்கப்பட்டது. ராபர்ட் எட்வர்ட்சு 2010 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

முகோபாத்யாயின் வாழ்வைத் தழுவி ரமாபத சௌதுரி எழுதிய அபிமன்யு என்னும் வங்கப் புதினத்தை அடிப்படையாகக் கொண்டு, தபன் சின்ஹா இயக்கிய ஏக் டாக்டர் கீ மௌத் என்னும் இந்தித் திரைப்படம் 1990 இல் உருவானது. படத்தின் கதாநாயகர் கண்டுபிடிப்பது தொழுநோய்க்கான தடுப்பூசி. சோதனைக் குழாய்க் குழந்தை அதில் இடம்பெறவில்லை.