கேலியை வென்ற வீரர்

அமெரிக்க ஆட்சியில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் 1934-ல் பிறந்தவர் ராபர்ட்டோ கிளெமெண்டே. தந்தை கரும்புத் தோட்டத்து மேஸ்திரி.

"பேஸ்பால்" ஆட்டத்தில் மகன் புலி. 1955-ல் பிட்ஸ்பர்க் அணிக்கு ஆட வந்தார்.

தாய்மொழி ஸ்பானிஷ். அவருடைய ஆங்கிலத்தைப் பத்திரிகைகள் கேலி செய்தன. கறுப்பர் என்பதால், புளோரிடாவில் வெள்ளையர் ஓட்டலில் தங்க விடவில்லை.

அவர் மட்டையால் பதில் சொன்னார். 1960-லும், 1971-லும் அணிக்குச் சாம்பியன் பட்டம் கிடைத்தது. கேலி செய்தவர்களும் கைதட்டினார்கள்.

1972-ல் நிகரகுவாவில் பூகம்பம். உதவிப் பொருள்களுடன் விமானம் ஏறினார். டிசம்பர் 31-ந்தேதி இரவு விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. வயது 38.

இன்று பிட்ஸ்பர்க் பாலம் ஒன்றுக்கு அவர் பெயர். பெரிய அணிகளின் வீரர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் லத்தீன் அமெரிக்கர்கள்!